மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது?

"அலர்ஜிக்கு எந்த மெத்தை நல்லது?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் நம் கடைக்குள் நுழைந்தால், விற்பனைக்கு நிற்கிற உங்கள் கை தானாக லேடக்ஸ் பக்கம் நீளும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் கையும் பல வருஷம் அப்படித்தான் நீண்டது. விலை ஜாஸ்தியான பக்கம் நீளுகிற மாதிரிதான் முதலாளிமார்கள் நம் கையைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

கடலூர்க் கடையில் இருந்த காலத்தில் ஒரு நர்ஸம்மா வந்தார். அலர்ஜி என்று வாயைத் திறந்ததுமே நான் சொற்பொழிவை ஆரம்பித்துவிட்டேன். லேடக்ஸில் தூசிப் பூச்சி அண்டாது, பூஞ்சை பிடிக்காது, ஒரு மாசம் படுத்தால் தும்மல் என்றால் என்ன என்றே மறந்துபோகும். அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

"எனக்கு அலர்ஜியே ரப்பர்தான் சார். ட்யூட்டியில கிளவுஸ் போட்டா கை கொப்பளிச்சிடும். லேடக்ஸுன்னா ரப்பர்தானே?"

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நான் விற்பனையாளன் இல்லையா? "அப்ப ரப்பரே வேணாம்மா, இந்த ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தையைப் பாருங்க" என்றேன். ஊசிக்கு முன்னால் அழுகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் கடையில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கிளவுஸ் அண்ணன் ஆகிவிட்டேன்.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் என் மூன்று கேள்வி. யாருக்கு ஒத்துக்கல? எது ஒத்துக்கல? எப்ப ஜாஸ்தியாவுது? இதற்குப் பதில் வாங்காமல் ஒரு மெத்தையையும் கை காட்டாதீர்கள். இலவம் பஞ்சுக்குத் தூசி, தென்னைநாருக்கு ஈரம், ஃபோமுக்குப் புது வாசனை என்று ஒவ்வொன்றின் சங்கடத்தையும் உங்களுக்கு ட்ரெய்னிங்கில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ட்ரெய்னிங்கில் வராத ஒன்றை.

புயல் அடித்து ஓய்ந்த வருஷம், 2012. நான் அப்போது சிதம்பரம் கடைக்குப் பொறுப்பாளர். ஊர் ஊராகக் கூரை பறந்து, ஷீட்டு பறந்து, வீட்டில் இருந்ததெல்லாம் நனைந்து கிடந்தது. நமக்கு வியாபாரம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இந்தத் தொழிலில் நல்ல சீசன் என்றால் யாரோ நனைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தை மாசக் கல்யாணத்துக்குச் சீர் மெத்தை வாங்க ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஒரே பெண், சுகன்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் மாப்பிள்ளை வீடு. என் மூன்று கேள்வியைக் கேட்டேன். பெண்ணுக்குத் தூசி பட்டால் தும்மல் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், வேறு ஒன்றும் கிடையாது என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டிங்களா சார்?"

"தும்மலையெல்லாமா ஜாதகத்துல எழுதுவாங்க?"

நானும் சிரித்தேன். பஞ்சு வேண்டாம் என்று சொல்லி, கெட்டியான ஃபோம், இறுக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை, எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். என் சர்வீஸில் ஒரு குறையும் சொல்ல முடியாத தேர்வுகள் என்று கொஞ்சம்தான் தேறும். அதில் அது ஒன்று.

பங்குனியில் அதே கிளார்க் திரும்ப வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"பொண்ணுக்கு மெத்தை ஒத்துக்கல சார். படுத்தா இழுப்பு. உக்காந்துகிட்டே தூங்குதாம். சீக்காளிப் பொண்ண மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டிங்கன்னு அவுங்க பேசறாங்க. ஞாயித்துக்கெழம பேசி முடிக்கணும்னு அவுங்க மாமா வரச் சொல்லியிருக்காரு."

"நான் என்ன சார் செய்யணும்?"

"நீங்க வந்து மெத்தையப் பாத்துச் சொல்லணும். மெத்தையில குத்தம்னா என் பொண்ணு நல்லவ. மெத்தை நல்லதுன்னா என் பொண்ணு சீக்காளி."

கடலூரில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "போயிட்டு வா. வேணும்னா வேற மாத்திக்கூடக் குடு. ஆனா நம்ம மெத்தையில குத்தம்னு மட்டும் ஒத்துக்காத" என்றார்.

அந்தப் பெண்ணின் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வார்த்தையை இரண்டு பக்கமும் காதில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வண்டி நம் கடையின் டாடா ஏஸ். ஓட்டியவன் அஞ்சாபுலி. பேர்தான் அப்படி, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். மெத்தையை ஏற்றிக்கொண்டு வந்து கடையில் பிரித்துப் பார்க்கலாம் என்று பின்னால் தார்ப்பாயை விரித்துக் காலி வண்டியாகப் போனோம். கிளார்க் முன்னாலேயே பஸ்ஸில் போயிருந்தார்.

கூடத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை செந்தில், அவனுடைய அம்மா, நடுவில் நியாயம் சொல்ல அந்த அம்மாவின் அண்ணன், அதாவது செந்திலின் தாய்மாமா. எதிரே கிளார்க். பெண், அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூச்சு விடுகிற சத்தம் கூடத்தில் எனக்குக் கேட்டது.

எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். டாக்டர் வந்த மாதிரி எழுந்து வழிவிட்டார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் மெத்தைக்கு நாடி பிடித்துப் பார்ப்பேன் என்றுகூட யாராவது எதிர்பார்த்திருக்கலாம்.

"பாத்துட்டுச் சொல்லுங்க சார்," என்றார் மாமா. "மெத்தையா, பொண்ணா? ரெண்டுல ஒன்னு தெரிஞ்சாவணும்."

அறைக்குள் போனேன். கட்டில் மேல் நம் மெத்தை, கடையிலிருந்து அனுப்பிய பாலிதீன் கவரோடு அப்படியே. அதன் மேல் பெட்ஷீட்.

"கவரப் பிரிக்கலியாம்மா?"

"புதுசு அழுக்காயிடும்ல," என்றார் மாமியார் என் பின்னாலிருந்து.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கவர்தான் வில்லன். வேர்வை வெளியே போக வழியில்லை, உள்ளே புழுங்கியிருக்கும், யார் மேலும் குத்தம் இல்லை, கவரைக் கிழித்தால் கதை முடிந்தது. கிழித்தேன். குனிந்து மூக்கை வைத்து மோந்தேன். ஒன்றும் இல்லை. கடையில் எப்படி இருந்ததோ அப்படியே. புரட்டிப் பார்க்கலாம் என்று அடியில் கையை விட்டேன். பலகை தட்டுப்படவில்லை. இன்னொரு மெத்தை தட்டுப்பட்டது.

மேல் மெத்தையை ஒரு ஓரமாகத் தூக்கினேன். கோடு போட்ட பழைய துணியில் இலவம் பஞ்சு மெத்தை. கோட்டுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. மழையில் விட்ட சாக்கு மூட்டை நாற்றம். எனக்குத் தும்மல் ஒன்று இடி மாதிரி வந்தது. நல்ல தருணங்களில் நான் இப்படித்தான் கம்பீரமாக இருப்பேன்.

"அது என்னோட மெத்தை சார்," என்றார் மாமியார். குரலில் கோபம் இல்லை, பெருமைதான் இருந்தது. "எங்கப்பா எனக்குச் சீரா குடுத்தது. எங்க கொல்லையில எலவ மரம் இருந்துச்சு. அந்தப் பஞ்சு. இவன் பொறந்ததே அதுலதான். இந்தக் காலத்து மெத்தை சூடு. அடியில பஞ்சு இருந்தா புள்ளைங்களுக்குச் சொகமா இருக்கும்னு நான்தான் போட்டேன்."

"புயல்ல நனைஞ்சிருக்குமேம்மா?"

"தொப்பலா நனைஞ்சிது. ஷீட்டு பறந்துடுச்சில்ல. பொங்கல் முடியிற வரைக்கும் வெயில்ல போட்டு, நாந்தான் திருப்பித் திருப்பி வெச்சேன். சுக்கா காஞ்சிடுச்சு சார். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். மேலே காய்ந்துதான் இருந்தது. பஞ்சு மெத்தை ஊறிப்போனால் வெயில் துணியைத்தான் காய வைக்கும், நடுவில் இருக்கிற கட்டி காயாது. பிரித்து, பஞ்சை எடுத்து உதறி, வேறாகக் காய வைக்க வேண்டும். அப்படியும் பூஞ்சை ஏறிய பஞ்சைத் தும்மல் உள்ளவர்கள் பக்கத்தில் வைக்கக் கூடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா சேலை முந்தானையால் அந்தக் கோட்டுத் துணியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டில் இருந்ததிலேயே உசத்தியான சாமானை எடுத்து மருமகளுக்குக் கீழே போட்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. எங்கள் மெத்தைதான் குத்தம் என்று சொல்லிவிட்டால் மாமியார் மனசு நோகாது. ஆனால் அடி மெத்தை அங்கேயே கிடக்கும். புது மெத்தை வந்தும் இழுப்பு நிற்காது. அப்போது பெண் சீக்காளி என்பது முடிவாகிவிடும். உண்மையைச் சொன்னால் பெண்ணுக்கு மூச்சு கிடைக்கும். வேறு எது எது போகும் என்று தெரியாது. வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. மூச்சுதான் முக்கியம் என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

கூடத்துக்கு வந்து, முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். "பொண்ணு நல்லா இருக்கு. புது மெத்தையும் நல்லா இருக்கு. அம்மா ஆசையா போட்ட மெத்தையிலயும் குத்தம் இல்ல. புயல் தண்ணி உள்ள இறங்கிடுச்சு, அவ்ளோதான். பூஞ்சை பிடிச்சிருக்கு. அத மட்டும் எடுத்துடுங்க. பத்து நாள் பாருங்க. இழுப்பு நிக்கலன்னா அப்ப உக்காந்து பேசுங்க."

மாமா தலையை ஆட்டினார். நல்ல மனுஷன். "சரியாத்தான சொல்றாரு" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

கிளார்க் எழுந்துவிட்டார். ரெண்டு மாசமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மனுஷன்.

"கேட்டிங்களா? என் பொண்ண சீக்காளி சீக்காளின்னு சொன்னிங்களே. உங்க மெத்தையிலதான்யா சீக்கு இருக்கு."

அதற்கப்புறம் அங்கே மெத்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. வார்த்தை மட்டும்தான் மெத்தை.

"நான் கல்யாணமாயி வந்ததுலேருந்து அதுலதான் படுத்தேன்," என்றார் மாமியார். "எனக்கு ஒன்னும் ஆவல. என் புள்ளைக்கு ஒன்னும் ஆவல. நேத்து வந்தவளுக்காக எங்கப்பன் குடுத்தத குப்பையில போடணுமா?"

"குப்பையில வேணாம்மா," என்றேன். "பின்னாடி கொட்டாயில போட்டு வெச்சாக்கூடப் போதும்."

"மாட்டுக் கொட்டாயிலயா?"

நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நர்ஸம்மா ஒரு சாட்சி, இந்த அம்மா ஒரு சாட்சி.

மாமா சமாளித்தார். "மாட்டுக் கொட்டாயி வேணாம். செந்திலு, எடுத்துட்டுப் போயி உங்கம்மா ரூம்ல போடு. முன்ன இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

"எடுடா," என்றார் அம்மா. "எடுத்துட்டு வந்து போடு. மருமவளுக்கு ஆவாததுல நான் படுத்துக்கறேன். என்னயும் ஒரு ஓரமா தூக்கிப் போட்டுடு."

செந்தில் எழுந்து அறைக்குள் போனான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல உடம்பு, மூட்டை தூக்குகிற கை. மேல் மெத்தையைச் சுவரோரமாகச் சாய்த்தான். அடி மெத்தையின் இரண்டு முனையையும் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். பெண்டாட்டி நிலைப்படியில் நிற்கிறாள். அம்மா கூடத்தில் அழுகிறார். மூச்சுச் சத்தமும் அழுகைச் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கிறது. பிறகு முனையை விட்டுவிட்டு, சாய்த்து வைத்த புது மெத்தையை எடுத்துப் பழையபடி மேலேயே போட்டான். விரிப்பைக்கூடச் சரி செய்தான்.

"நான் எடுக்கறேன் தம்பி," என்று குனிந்தேன். வாழ்நாளெல்லாம் மெத்தை தூக்கியவன் நான். மாமா என் தோளைத் தொட்டார்.

"வேணாம் சார். வெளியாளு கை வெக்கக் கூடாது."

கிளார்க்குக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அப்ப நான் போட்ட சீர நான் ஏத்திக்கிட்டுப் போறேன். வண்டி நிக்குது வாசல்ல" என்று அறைப் பக்கம் வந்தார். அப்போதுதான் மாமாவின் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

"சார், யோசிச்சுப் பேசுங்க. சீர் மெத்தை வண்டியில ஏறி வாசப்படி தாண்டிடுச்சுன்னா தீந்துச்சு. அத்துவுட்டுட்டாங்கன்னு சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசிடும். அப்பறம் நானே வந்தாலும் சேத்து வெக்க முடியாது."

இதை நான் யோசிக்கவே இல்லை. மெத்தையைக் கொண்டுபோய்க் கடையில் பிரித்துப் பார்க்கலாம் என்று எவ்வளவு சுலபமாகக் காலி வண்டியோடு வந்து நின்றிருக்கிறேன்! பெண்ணுடைய சீர் வெளியே போனால் கல்யாணம் போச்சு. மாமியாருடைய சீர் வெளியே போனால் மாமியார் மானம் போச்சு. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த அந்த இரண்டையும் அங்கே இருந்த எவராலும் ஒரு சாண் நகர்த்த முடியவில்லை. எந்தப் பொருள் யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கூடத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அலர்ஜி என்று வந்தால் மூன்று கேள்வி போதாது. நாலாவதாகக் கேளுங்கள்: இதை எது மேல போடப் போறீங்க? பழைய மெத்தை இருக்கிறது என்றால் விற்பதற்கு முன்னாலேயே, பேச்சு முற்றுவதற்கு முன்னாலேயே, சிரித்துக்கொண்டே கேளுங்கள்: அது யாரோடது, அதை யார் எடுத்து எங்க வெப்பாங்க? ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு லேடக்ஸோ ஃபோமோ எதையோ பேசுங்கள். எடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு நீங்கள் என்ன கொடுத்தாலும் அது பழையதின் மேல் ஒரு விரிப்புதான்.

சுகன்யா அறைக்குள் போய் ஒரு கைப்பையோடு வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டது.

"மெத்தையெல்லாம் இங்கயே இருக்கட்டும்பா. வாங்க, போவலாம்."

"ஆமாம்மா, ஆஸ்பத்திரியில காட்டிட்டு வா," என்றார் மாமா, கொஞ்சம் ஆறுதலாகவே. மெத்தை போகவில்லை, வெறும் வண்டிதான் போகிறது, ஊர் ஒன்றும் பேசாது. செந்தில் வாசல் வரைக்கும் வந்தான். மாமியார் சேரை விட்டு எழவில்லை. ஆனால், "தலையில துணியக் கட்டிக்கிட்டுப் போ, காத்தடிக்கும்" என்றார். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

கிளார்க் முன் சீட்டில் ஏறி முகத்தை மூடிக்கொண்டார். பெண் முன்னால் உட்கார மாட்டேன் என்றது. காற்று வேண்டும் என்று பின்னால் ஏறித் தார்ப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டது. தனியாக விட முடியாதே என்று நானும் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கரும்பு லாரிக்கு வழிவிட்டு வழிவிட்டு அஞ்சாபுலி மெதுவாகத்தான் ஓட்டினான். மெயின் ரோடு ஏறியபோது மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியிருந்தது.

"பஞ்சு மெத்தைதான சார்?" என்றது. "அவ்ளோ கனமாவா இருக்கும்?"

"தண்ணி இறங்கினதும்மா. கனமாத்தான் இருக்கும்."

சரி என்று தலையை ஆட்டியது. பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் வந்தது. ரோட்டைப் பார்த்தபடியே கேட்டது.

"ஒருத்தருக்குன்னா என்னா சைசு சார் வரும்?"

சைஸ் கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய வேடிக்கைப் பேச்சு இருந்தது.

"எழுபத்திரண்டுக்கு முப்பத்தாறும்மா" என்றேன்.